நியோஷோ: ஓர் எண்ணெய்க் கப்பலின் பணிக்காலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் கடற்போர்களைப் பற்றி நான் எழுதவும் பேசவும் தொடங்கிய நாள் முதல், ஒரு கப்பலைப் பற்றிய கேள்விகள் மட்டும் ஓயவே இல்லை. அது விமானந்தாங்கியும் அல்ல, குரூசர் என்ற பெரிய போர்க்கப்பலும் அல்ல. அமெரிக்கக் கடற்படைக்கு எண்ணெய் சுமந்த நியோஷோ. ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருவதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன.

நியோஷோ போர்க்கப்பலா, சரக்குக் கப்பலா? முதலில் இதைச் சொல்லுங்கள்.

கடற்படைக்குச் சொந்தமான எண்ணெய்க் கப்பல். போர்க்கப்பல்களின் கொதிகலன்களுக்கான எண்ணெயையும் விமானங்களுக்கான பெட்ரோலையும் சுமந்துசென்று, கப்பல்கள் இருக்கும் இடத்திலேயே கொடுப்பது அதன் வேலை. இயக்கியவர்கள் கடற்படை மாலுமிகள். தற்காப்புக்குச் சில பீரங்கிகள் இருந்தன. கடற்படைப் பட்டியலில் அதன் அடையாளம் ஏஓ-23.

நியூ ஜெர்சி மாநிலத்தின் கியர்னி நகரில் 1938 ஜூன் மாதம் கட்டத் தொடங்கினார்கள். 1939 ஏப்ரல் 29 அன்று நீரில் இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று பணியில் சேர்ந்தது. நீளம் ஏறத்தாழ 169 மீட்டர், அகலம் 23 மீட்டர். சுமை ஏற்றிய நிலையில் எடை சுமார் 25,000 டன். 1,40,000 பீப்பாய்க்கும் மேல் எண்ணெய் கொள்ளும். மூழ்கியது 1942 மே 11 அன்று. மூன்று ஆண்டுகள்கூட நிறையாத பணிக்காலம் அது.

பெயருக்கு என்ன பொருள்?

அது ஓர் ஆற்றின் பெயர். கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்கள் வழியே நியோஷோ ஆறு ஓடுகிறது. எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆறுகளின் பெயரை வைப்பது அன்றைய அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். இந்த வகையின் முதல் கப்பலான சிமரானும் ஓர் ஆறுதான்.

எண்ணெய்க் கப்பலுக்கு 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்) வேகம் எதற்கு? மெதுவாகப் போனால் என்ன?

மெதுவாகப் போனால் கூடவே வரும் கப்பல்களும் மெதுவாகத்தான் போகவேண்டும். 1941 டிசம்பரில், பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த வேக் தீவைக் காப்பாற்ற சரட்டோகா என்ற விமானந்தாங்கியின் அணி புறப்பட்டது. அதனுடன் சென்ற நெச்சஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 12, 13 நாட்டைத் தாண்ட முடியாமல் திணறியது. அந்த மெதுவான ஓட்டத்தாலும் வழியில் எண்ணெய் நிரப்பிய தாமதத்தாலும் பயணம் நீண்டது. உதவி போய்ச் சேருவதற்குள் டிசம்பர் 23 அன்று வேக் ஜப்பானியரிடம் விழுந்துவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, 1942 ஜனவரி 23 அன்று, அதே நெச்சஸை ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்த எண்ணெயை நம்பி வேக் தீவைத் தாக்கப் புறப்பட்ட லெக்சிங்டன் விமானந்தாங்கியின் திட்டமே கைவிடப்பட்டது. எண்ணெய்க் கப்பல் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால், நான் முதலில் சொல்வது இந்த இரண்டு சம்பவங்களைத்தான்.

நியோஷோவின் வகைக் கப்பல்கள் இந்தக் குறையைத் தீர்க்கவே பிறந்தவை. ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்துக்காக 12 எண்ணெய்க் கப்பல்கள் கட்டப்படவிருந்தபோது, வேகத்தைக் கூட்டும் பெரிய இயந்திரங்களுக்கான கூடுதல் செலவை அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. போர் வந்தால் கடற்படை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. நியோஷோவை போர் வருவதற்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

ஓடும் கப்பலுக்கு ஓடும் கப்பலிலிருந்து எண்ணெய் கொடுப்பது எப்படி? நிறுத்திக் கொடுக்கலாமே?

நின்ற கப்பல் நீர்மூழ்கிக்குச் சுலபமான இலக்கு. அதனால் இரண்டும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், பக்கத்துக்குப் பக்கமாக ஓடும். முதலில் மெல்லிய கயிறு ஒன்றை அடுத்த கப்பலுக்கு எறிவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் தடித்த வடங்கள் போகும். கடைசியாக, பாரந்தூக்கியின் கையிலிருந்து தொங்கும் ரப்பர் குழாய் போகும். குழாயை இறுக்கமாக விடக்கூடாது. கப்பல்கள் அலையில் ஆடும்போது ஒன்றுக்கொன்று விலகும், நெருங்கும். அதற்கு இடம் கொடுத்து வளைவாகத் தொங்கவிடவேண்டும். தளத்தில் ஒருவன் அந்த வளைவைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

கடினமான பங்கு சுக்கான் பிடிப்பவனுடையது. இரண்டு கப்பல்களுக்கு நடுவே வேகமாகப் பாயும் நீர் அவற்றை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். ஒரு பாகை தவறினாலும் மோதல்தான். குழாய் இணைந்திருக்கும் நேரம் முழுவதும் வளைந்து நெளிந்து ஓடித் தப்பவும் முடியாது. இந்த முறையை 1917-இல் மாமி என்ற எண்ணெய்க் கப்பலில் அமெரிக்கர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அக்கப்பலில் அதிகாரியாக இருந்து அதை வகுத்தவர்களில் ஒருவர் செஸ்டர் நிமிட்ஸ். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து பசிபிக் கடற்படைக்கே அவர் தலைமை தாங்கினார்.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த காலையில் நியோஷோ எங்கே இருந்தது?

மிக மோசமான இடத்தில். 1941 டிசம்பர் 6 அன்று ஹவாயிலுள்ள பேர்ல் ஹார்பருக்கு வந்து, துறைமுகத்தின் நடுவிலுள்ள ஃபோர்டு தீவின் விமானத் தளத்துக்கு விமான பெட்ரோலை இறக்கியது. மறுநாள் காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, பெரும் போர்க்கப்பல்கள் வரிசையாக நின்ற அதே கரையில், எரிபொருள் துறையில் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் கலிஃபோர்னியா, மறுபக்கம் மேரிலாண்டும் ஓக்லஹோமாவும்.

கேப்டன் ஜான் பிலிப்ஸ் கட்டுகளை அவிழ்த்து, இழுவைப் படகுகளின் உதவிக்குக் காத்திராமல் கப்பலைப் பின்னோக்கி எடுத்தார். கவிழ்ந்து கிடந்த ஓக்லஹோமாவின் அருகே அந்த நீண்ட உடலைத் திருப்பி, தன் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டே வெளியேறி, துறைமுகத்தின் வேறொரு பகுதிக்குக் கொண்டுபோனார். மூன்று மாலுமிகள் காயமடைந்தார்கள். இதற்காகப் பிலிப்ஸுக்குக் கடற்படைச் சிலுவை விருது வழங்கப்பட்டது.

பெட்ரோலைத்தான் இறக்கியாகிவிட்டதே, காலி டாங்கியைப் பார்த்து எதற்குப் பயம்?

இதைக் கேட்காதவர்களே இல்லை. நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கி அதிக ஆபத்தானது. திரவ பெட்ரோல் காற்றோடு கலக்காத வரை வெடிக்காது. இறக்கி முடித்த டாங்கியின் சுவர்களிலும் அடியிலும் மிஞ்சியது ஆவியாகிக் காற்றோடு கலந்து நிற்கும். அந்தக் கலவைக்கு ஒரு பொறி போதும். டாங்கிகளைக் கழுவிக் காற்றோட்டம் விட நேரமில்லாத காலை அது. பக்கத்தில் நின்ற கப்பல்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். பிலிப்ஸ் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பதற்கு விடை இதுதான்.

அதற்குப் பிறகு, 1942 மே மாதம் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே நடந்த பவளக் கடல் போர் வரை என்ன செய்தது?

எண்ணெய் கொடுத்தது. ஐந்து மாதங்கள், விமானந்தாங்கி அணிகளின் பின்னாலேயே. 1942 மார்ச் 10 அன்று லெக்சிங்டனும் யார்க்டவுனும் நியூ கினியிலுள்ள லே, சலமோவா துறைகளைத் தாக்கிய காலத்திலும் தென் பசிபிக்கில் அது இந்த வேலையில்தான் இருந்தது.

போர் நடக்கும் கடலில் இவ்வளவு பெரிய கப்பலை ஒரே ஒரு காவல் கப்பலோடு அனுப்பியது பொறுப்பற்ற செயல் இல்லையா?

அப்படித் தோன்றுவது இயல்பு. மே 6 அன்று யார்க்டவுனுக்கும் அஸ்டோரியா என்ற குரூசருக்கும் எண்ணெய் கொடுத்துவிட்டு, சிம்ஸ் என்ற நாசகாரிக் கப்பலின் (காவலுக்குச் செல்லும் சிறிய, வேகமான போர்க்கப்பல்) துணையோடு நியோஷோ தெற்கே அனுப்பப்பட்டது. அணித் தலைவர் ரியர் அட்மிரல் ஃபிராங்க் ஜாக் ஃப்ளெட்சர். மறுநாள் ஜப்பானிய விமானந்தாங்கிகளோடு மோதல் வரும் என்று எதிர்பார்த்தவர், எண்ணெய்க் கப்பலைச் சண்டையிலிருந்து விலக்கி வைக்கவே பார்த்தார். கையிலிருந்த நாசகாரிகள் குறைவு. விமானந்தாங்கிகளைச் சுற்றி நிற்கவும் அவை வேண்டும்.

ஜப்பானியரின் ஷோகாக்கு, ஜுய்காக்கு என்ற இரண்டு பெரிய விமானந்தாங்கிகளும் கிழக்கே சாலமன் தீவுகளைச் சுற்றி வந்து பவளக் கடலுக்குள் நுழைந்திருந்தன. அது ஃப்ளெட்சருக்குத் தெரியாது. பாதுகாப்பானது என்று அவர் நினைத்த கடல்தான் அவற்றின் எட்டும் தூரத்தில் இருந்தது. பொறுப்பற்றவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எண்ணெய்க் கப்பலுக்கும் விமானந்தாங்கிக்கும் வித்தியாசம் தெரியாதா ஜப்பானிய விமானிகளுக்கு?

மே 7 காலை ஒரு ஜப்பானிய வேவு விமானம் 'ஒரு விமானந்தாங்கி, ஒரு குரூசர்' என்று செய்தி அனுப்பியது. உயரத்திலிருந்து மேக இடைவெளியில் பார்க்கும் கண்ணுக்கு, நீண்ட தட்டையான தளமும் பக்கத்தில் ஒரு காவல் கப்பலும் தெரிந்தால், அது எதிர்பார்க்கும் பொருளாகவே தோன்றும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். நியோஷோவின் உடல் அளவில் விமானந்தாங்கிக்கு மிகவும் சிறியதல்ல. அதே வகையைச் சேர்ந்த நான்கு எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்கர்களே அந்த ஆண்டில் துணை விமானந்தாங்கிகளாக மாற்றினார்கள்.

அந்தச் செய்தியை நம்பி 78 விமானங்கள் கிளம்பின. வந்து பார்த்தவர்களுக்குத் தவறு புரிந்தது. உண்மையான விமானந்தாங்கியைத் தேடி அங்கேயே நெடுநேரம் அலைந்தார்கள். கிடைக்கவில்லை. டார்பிடோ விமானங்கள் திரும்பிவிட்டன. 36 குண்டுவீச்சு விமானங்கள் மட்டும், முற்பகல் பதினொன்றரை மணிவாக்கில், கையிலிருந்த குண்டுகளை இந்த இரண்டு கப்பல்கள்மேல் போட்டன.

அதே காலையில் அமெரிக்கர்களும் இதே போன்ற பிழையைச் செய்தார்கள். இரண்டு குரூசர்களைக் கண்ட விமானியின் செய்தி, குறியீட்டுப் பிழையால் 'இரண்டு விமானந்தாங்கிகள்' என்று மாறிப்போனது. அதை நம்பிக் கிளம்பியவர்களின் வழியில் ஷோஹோ என்ற சிறிய விமானந்தாங்கி தென்பட்டது, அதை மூழ்கடித்தார்கள்.

சிம்ஸ் கப்பல் என்ன ஆனது?

மூன்று குண்டுகள் பட்டன. உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. ஓட்டையான ஒரு படகில் 15 பேர் மட்டும் நியோஷோவை வந்தடைந்தார்கள்.

ஏழு குண்டு வாங்கியும் நியோஷோ ஏன் மூழ்கவில்லை?

ஏழு குண்டுகள் நேராகப் பட்டன. அடிபட்ட விமானம் ஒன்றும் தளத்தில் வந்து மோதி எரிந்தது. கொதிகலன்கள் போயின, இயந்திரங்கள் நின்றன, கப்பல் ஒரு பக்கம் பெரிதும் சாய்ந்தது. ஆனாலும் மிதந்தது. எண்ணெய்க் கப்பலின் உடல் பல தனித்தனி டாங்கிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று உடைந்தால் நீர் அதற்குள் மட்டும்தான் புகும். முந்தைய நாள் எண்ணெய் கொடுத்திருந்ததால் சில டாங்கிகளில் காற்று இருந்தது. பேர்ல் ஹார்பரில் உயிருக்கு ஆபத்தாக இருந்த அதே காலி இடம், இங்கே கப்பலைத் தாங்கிப் பிடித்தது. மிஞ்சியிருந்தது பெரும்பாலும் எளிதில் தீப்பற்றாத கொதிகலன் எண்ணெய் என்பதும் ஒரு காரணம்.

மிதந்துகொண்டிருந்த கப்பலைவிட்டு மாலுமிகள் ஏன் குதித்தார்கள்? கேப்டன் உத்தரவு போட்டாரா?

இல்லை. கப்பலைக் கைவிட ஆயத்தமாகுங்கள், ஆனால் காத்திருங்கள் என்பதுதான் பிலிப்ஸின் உத்தரவு. நெருப்பு, புகை, குண்டுச் சத்தம், சாய்ந்துகொண்டே போகும் தளம். இவற்றுக்கு நடுவே அந்த உத்தரவின் முதல் பாதிதான் பலர் காதில் விழுந்தது. பலர் குதித்தார்கள். தெப்பங்கள் இறக்கப்பட்டு அலையோடு விலகின. சிலரை மீட்கப் படகுகள் அனுப்பப்பட்டன. எல்லோரையும் எட்ட முடியவில்லை.

அன்று மாலை ஆள்கணக்கு எடுத்தார்கள். கப்பலில் இருந்த நியோஷோ ஆட்கள் 110 பேர். இறந்ததாக உறுதியானவர்கள் 20 பேர். காணாமல் போனவர்கள் 158 பேர். இந்த எண்களை நான் பலமுறை எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். குண்டுகள் கொன்றதாகத் தெரிந்தவர்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு ஆட்கள் கணக்கிலேயே வரவில்லை. அவர்களில் சிலர் குண்டுவீச்சிலேயே கடலில் வீசப்பட்டிருக்கலாம். ஆனால் பெரும்பகுதியினரை விழுங்கியது அந்தக் குழப்பமும் கடலும்தான். குதித்தவர்களைக் கோழைகள் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எரியும் எண்ணெய்க் கப்பலின் தளத்தில் நின்றவர்கள் அவர்கள். கப்பல் நான்கு நாள் மிதக்கும் என்று அந்த நிமிடத்தில் யாருக்குத் தெரியும்?

நான்கு நாள் ஏன் யாரும் வரவில்லை? கப்பலில் வானொலி இருந்ததே?

வந்தார்கள், தவறான இடத்துக்கு. தாக்குதலுக்குப் பின் நியோஷோ தன் இருப்பிடத்தை வானொலியில் அறிவித்தது. ஆனால் அட்சரேகை, தீர்க்கரேகைக் கணக்கில் பிழை. மோனஹன் என்ற நாசகாரிக் கப்பல் அனுப்பப்பட்டு, சொல்லப்பட்ட இடத்தில் தேடி, வெறும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஒரு கப்பலின் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சில கடல் மைல்களுக்கு அப்பால் முடிந்துவிடும். கணக்கில் ஒரு சிறு பிழை போதும், அருகிலிருப்பதும் கண்ணில் படாது.

இதற்கிடையே சாய்ந்த தளத்தில் தீக்காயப்பட்டவர்களைக் கிடத்தி, வெயிலில் காத்திருந்தார்கள். இறந்தவர்களைக் கடலில் அடக்கம் செய்தார்கள். கப்பல் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. மே 10 அன்று ஓர் ஆஸ்திரேலிய விமானம் தலைக்கு மேல் வட்டமிட்டுப் போனது. மே 11 அன்று ஓர் அமெரிக்கக் கடல் விமானம் கண்டுபிடித்தது. ஹென்லி என்ற நாசகாரிக் கப்பல் வந்து 123 பேரை ஏற்றிக்கொண்டது. இதில் மேலே சொன்ன சிம்ஸ் மாலுமிகளும் அடக்கம்.

தெப்பங்களில் போனவர்கள்?

அறுபத்தெட்டுப் பேர் தெப்பங்களை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு மிதந்தார்கள். நிழல் இல்லை, உணவும் நீரும் கிட்டத்தட்ட இல்லை. ஒன்பது, பத்து நாள் கழித்து ஹெல்ம் என்ற நாசகாரிக் கப்பல் ஒரு தெப்பத்தைக் கண்டது. அதில் உயிரோடு இருந்தவர்கள் நான்கு பேர்.

இந்தக் கப்பலில் யாருக்காவது வீர விருது கிடைத்ததா?

பிலிப்ஸுக்குக் கிடைத்ததை முன்பே சொன்னேன். மற்ற இருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது.

ஆஸ்கர் வெர்னர் பீட்டர்சன், கொதிகலன் பிரிவின் மூத்த மாலுமி. பழுது பார்க்கும் குழு ஒன்றுக்குத் தலைவர். குண்டு வெடித்ததில் குழுவினர் அடிபட்டு விழுந்தார்கள்; அவருக்கும் பலத்த காயம். நீராவிக் குழாய்களின் அடைப்பு வால்வுகளை மூடியாகவேண்டும். உதவிக்கு யாரும் இல்லாமல், கொதிக்கும் நீராவிக்கு நடுவே அவரே மூடினார். அதில் பட்ட தீக்காயங்களே அவர் உயிரைப் பறித்தன. மீட்கப்பட்ட பிறகு மே 13 அன்று இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த இராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

ஹென்றி டக்கர், மருத்துவ உதவியாளர். கடலில் குதித்தவர்களில் தீக்காயப்பட்டவர்களைத் தேடி, தெப்பத்திலிருந்து தெப்பத்துக்கு நீந்திப்போய் மருந்து தடவினார். தனக்கு ஒரு தெப்பத்தில் இடம் தேடிக்கொள்ளவில்லை. அவர் திரும்பவே இல்லை. கடற்படைச் சிலுவை விருது வழங்கி, பிறகு ஒரு நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

விமானந்தாங்கிகளைக் காப்பாற்ற நியோஷோவை வேண்டுமென்றே தூண்டில் இரையாக வைத்ததாகச் சொல்கிறார்களே?

உண்மை இல்லை. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாதவர் தூண்டில் போட முடியாது (காவல் கப்பல் பற்றிய பதிலைப் பாருங்கள்). அதோடு, ஃப்ளெட்சருக்கு மிகவும் தேவைப்பட்டதே எண்ணெய்தான். அருகில் இருந்த இன்னொரு எண்ணெய்க் கப்பலான டிப்பக்கனோ பழையது, மெதுவானது. தன் எண்ணெயைக் கொடுத்து முடித்து அனுப்பப்பட்டிருந்தது. நியோஷோ போனதும் அணிக்கு அருகில் வேறு வழி இல்லாமல் போயிற்று.

ஆனால் விளைவு இரையைப் போலவே அமைந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஜப்பானிய விமானங்களின் அன்றைய முற்பகல் முழுவதும் இந்த இரண்டு கப்பல்கள்மேல் செலவானது. அந்த நேரத்தில்தான் ஷோஹோ மூழ்கியது.

அப்படியானால் நியோஷோ இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்குமா?

மே 7 காலையில் அந்த 78 விமானங்களும் லெக்சிங்டனையும் யார்க்டவுனையும் கண்டிருந்தால், அமெரிக்கர்கள் முதல் அடியை எதிர்பாராமல் வாங்கியிருப்பார்கள். நடந்தது வேறு. மறுநாள் இரு தரப்பும் ஒரே நேரத்தில் மோதின. லெக்சிங்டன் மூழ்கியது, யார்க்டவுன் அடிபட்டும் தப்பியது, நியூ கினியிலுள்ள போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்க வந்த ஜப்பானியப் படை திரும்பிப்போனது. ஷோகாக்கு சேதத்தாலும் ஜுய்காக்கு விமான இழப்பாலும் ஜூன் மாத மிட்வே போருக்கு வர முடியவில்லை. பழுது பார்க்கப்பட்ட யார்க்டவுன் அங்கே இருந்தது. இவ்வளவுக்கும் நியோஷோ ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைசியில் நியோஷோவை மூழ்கடித்தது ஜப்பானியரா, அமெரிக்கர்களா?

அமெரிக்கர்கள். இழுத்துச்செல்ல முடியாத நிலையில் இருந்தது. எதிரியின் கையில் விடவும் முடியாது. ஆட்களை ஏற்றிக்கொண்ட ஹென்லியே, மே 11 பிற்பகலில், டார்பிடோவாலும் பீரங்கியாலும் அதைக் கடலுக்குள் அனுப்பியது.

அந்தப் பெயர் அதோடு போய்விட்டதா?

போகவில்லை. 1942 செப்டம்பரிலேயே இன்னொரு எண்ணெய்க் கப்பல் அந்தப் பெயரோடு பணியில் சேர்ந்தது, 1954-இல் மற்றொன்று. பீட்டர்சன் பெயரிலும் ஒரு காவல் கப்பல் இருந்தது. அவருடைய பதக்கத்தை மட்டும் போர்க்காலத்தில் அவர் மனைவிக்குத் தபாலில் அனுப்பிவிட்டார்கள்; விழா ஏதும் நடக்கவில்லை. 2010 ஏப்ரல் 3 அன்று ஐடஹோ மாநிலத்தின் ரிச்ஃபீல்டு என்ற சிற்றூரில் கடற்படையினர் முறையாகக் கூடி, அதை அவர் மகனின் கையில் கொடுத்தார்கள்.